வினையும் வாய்பாடும்: மலாக்காத் தமிழ்ப்பள்ளி மாணவரும் ஆங்கிலத் தொடரமைப்பும்

முன்னுரை

மலாக்காவில் 1796ஆம் ஆண்டில் பிறந்த முன்ஷி அப்துல்லா மலாய் இலக்கிய வரலாற்றில் மட்டுமன்றி, இம்மண்ணின் மொழி கற்பித்தல் வரலாற்றிலும் இடம்பெறத் தக்கவர். தமிழ், அரபு வழிவந்த குடும்பத்தினரான அவர் இளமையில் மலாக்காவிலேயே தமிழ் பயின்றார். வணிகக் கணக்குகளுக்குத் தமிழ் இன்றியமையாததாக இருந்த காலம் அது. பின்னாளில் அவர் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் சமயப் பரப்பாளர்களுக்கும் மலாய் கற்பித்தார். 1843இல் எழுதி முடித்து 1849இல் அச்சான தம் வரலாற்று நூலில், சமயப் பரப்பாளர் ஒருவர் செய்த மலாய் மொழிபெயர்ப்பைக் குறைகூறுகிறார். சொற்கள் மலாய்ச் சொற்களே, ஆயின் அவை கோக்கப்பட்ட முறை ஆங்கில முறை என்பதே அவர் கூற்றின் சாரம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் கண்ட சிக்கலைத்தான் இன்று மலாக்காத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எதிர்த்திசையில் காண்கின்றனர். மாணவர் எழுதும் ஆங்கில வாக்கியத்தில் சொற்கள் யாவும் ஆங்கிலமே. கோப்பு முறை தமிழாகவோ மலாயாகவோ நின்றுவிடுகிறது. இதனைச் சொல்வளக் குறைவென்றும் கவனக் குறைவென்றும் கருதி, மேலும் பல சொற்களை மனனம் செய்விக்கும் போக்கே பெரும்பாலும் காணப்படுகிறது. குறை சொல்லில் இல்லாதபோது சொற்களைப் பெருக்குவதால் பயன் விளையாது.

ஆங்கில வாக்கியத்தின் கோப்பினை முடிவு செய்வது வினைச்சொல். எந்த வினை எந்த உறுப்புகளை வேண்டி நிற்கும் என்பதே வினைவகை பற்றிய அறிவு. அவ்வுறுப்புகள் எவ்வரிசையில் அமையும் என்பதே தொடர் வாய்பாடு பற்றிய அறிவு. இவ்விரண்டையும் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு விளக்குவதற்கு ஏற்ற கருவி, அவர் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே கற்றுவரும் வேற்றுமை இலக்கணமே என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வினையும் அதன் உறுப்புகளும்

ஒரு வினை தனித்து நிற்பதில்லை. தனக்குரிய உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே நிற்கிறது என்னும் கருத்து தமிழிலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில், தொழில், அதனைச் செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னார்க்கு என்பது, இன்ன பயனுக்கு என்பது ஆகிய எட்டினையும் தொழிலின் முதனிலைகளாகத் தொகுத்துரைக்கிறார். பவணந்தியார் நன்னூலில் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறாகச் சுருக்குகிறார். 'யாருக்கு' என்பதையும் வினையின் உறுப்பாகவே தொல்காப்பியர் எண்ணியிருத்தல் நம் பொருளுக்கு மிகவும் வேண்டப்படுவது.

மேலைநாட்டு மொழியியலில் இக்கருத்து முழுவடிவம் பெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான் எனலாம். பிரெஞ்சு மொழியியலறிஞர் லூசியன் தெனியேரின் நூல் அவர் மறைவிற்குப் பின்னர் 1959இல் வெளிவந்தது. வேதியியலில் ஓர் அணு இத்தனை அணுக்களோடு இணையும் என்னும் திறன் இருப்பதுபோல், ஒவ்வொரு வினைக்கும் இத்தனை உறுப்புகளை ஏற்கும் இணைதிறன் உண்டு என்று அவர் விளக்கினார். 'உறங்கு' என்னும் வினைக்கு ஓர் உறுப்புப் போதும். 'வெட்டு' என்பதற்கு இரண்டு வேண்டும். 'கொடு' என்பதற்கோ கொடுப்பவர், பெறுபவர், பொருள் என மூன்று வேண்டும். இவ்வெண்ணிக்கை தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் பெரும்பாலும் பொதுவானது. உறுப்புகளை அடையாளங்காட்டும் முறையில்தான் இரு மொழிகளும் வேறுபடுகின்றன.

ஆங்கிலத்தின் ஏழு வாய்பாடுகள்

ஆங்கில வாக்கியங்களை வாய்பாடுகளாக வகுக்கும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1904இல் சி. டி. ஆனியன்ஸ் பயனிலை வகைகளை ஐந்தாக வகுத்தார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, ஒவ்வொரு வினைக்கும் அதன் வாய்பாட்டைக் குறித்துக்காட்டும் அகராதியொன்றை 1942இல் தோக்கியோவில் வெளியிட்டார். 1954இல் வெளிவந்த அவரது வழிகாட்டி நூல் இருபத்தைந்து வினை வாய்பாடுகளைத் தந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவருக்குக் கற்பித்த அனுபவமே அவரை இவ்வழியில் செலுத்தியது என்பது நம் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. பின்னர் குவர்க், கிரீன்பாம், லீச், சுவார்ட்விக் ஆகிய நால்வர் 1972இலும் 1985இலும் வெளியிட்ட பேரிலக்கணங்கள் ஏழு அடிப்படை வாய்பாடுகளை நிலைநிறுத்தின. அவற்றை மலாக்கா மாணவர் அறிந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த சான்றுகளோடு கீழே தருகிறோம்.

1. எழுவாய், வினை: 'த பேபி ஸ்லெப்ட்'. குழந்தை உறங்கியது. செயப்படுபொருள் குன்றிய வினை இதற்குரியது.

2. எழுவாய், வினை, செயப்படுபொருள்: 'மை கிராண்ட்மதர் டேப்ட் ரப்பர்'. பாட்டி பால்மரம் சீவினார். செயப்படுபொருள் குன்றா வினை இதற்குரியது.

3. எழுவாய், வினை, நிரப்பி: 'மை அங்கிள் இஸ் எ டிரைவர்'. மாமா ஓட்டுநர். 'த லேடெக்ஸ் பிகேம் ஹார்ட்'. பால் கெட்டியாயிற்று. எழுவாயையும் அதனை விளக்கும் சொல்லையும் இணைக்கும் இணைப்பு வினை இதற்குரியது.

4. எழுவாய், வினை, வினையடை: 'வீ லிவ் இன் மெர்லிமாவ்'. நாங்கள் மெர்லிமாவில் வாழ்கிறோம். இடத்தைக் கூறாவிடில் வாக்கியம் முற்றுப்பெறாது.

5. எழுவாய், வினை, பெறுபவர், செயப்படுபொருள்: 'த டீச்சர் கேவ் ஹெர் எ ப்ரைஸ்'. ஆசிரியர் அவளுக்குப் பரிசு கொடுத்தார்.

6. எழுவாய், வினை, செயப்படுபொருள், அதன் நிரப்பி: 'த நியூஸ் மேட் ஹிம் ஹேப்பி'. அச்செய்தி அவனை மகிழ்வித்தது.

7. எழுவாய், வினை, செயப்படுபொருள், வினையடை: 'ஷீ புட் த பக்கெட் அண்டர் த ட்ரீ'. அவர் வாளியை மரத்தடியில் வைத்தார்.

எவ்வளவு நீண்ட ஆங்கில வாக்கியமாயினும் அதனைப் பிரித்து நோக்கின், இவ்வேழனுள் ஒன்றோ பலவோ அடிப்படையாக இருத்தலைக் காணலாம். வாக்கியத்தினுள் அடங்கிய துணைத்தொடரும் இவ்வாய்பாட்டிற்கு உட்பட்டதே.

உருபும் இடமும்

தமிழில் 'ஆசிரியர் அவளுக்குப் பரிசைக் கொடுத்தார்' என்னும் வாக்கியத்தை 'அவளுக்கு ஆசிரியர் பரிசைக் கொடுத்தார்' என்றோ, 'பரிசை ஆசிரியர் அவளுக்குக் கொடுத்தார்' என்றோ மாற்றியமைக்கலாம். அழுத்தம் மாறுமேயன்றிக் கொடுத்தவரும் பெற்றவரும் மாறுவதில்லை. காரணம் வெளிப்படை. ஐ உருபும் கு உருபும் பெயரோடு ஒட்டிச் செல்கின்றன. பெயர் எங்குச் சென்றாலும் அதன் பணி அதனுடனேயே செல்கிறது.

ஆங்கிலத்தில் இவ்வசதி இல்லை. 'த கௌ சேஸ்ட் த பாய்' என்றால் மாடு பையனைத் துரத்தியது. அதே சொற்களை இடமாற்றி 'த பாய் சேஸ்ட் த கௌ' என்றால் பையன் மாட்டைத் துரத்தினான். பெயரில் உருபு இல்லாமையால் இடமே உருபாகிறது. வினைக்கு முன்னுள்ள இடம் எழுவாய்க்குரியது. வினைக்குப் பின்னுள்ள இடம் செயப்படுபொருளுக்குரியது. அதற்கடுத்த இடம் எதற்குரியது என்பதை அந்தந்த வினை முடிவு செய்கிறது. 'ஆங்கிலத்தில் இடமே வேற்றுமை' என்னும் இவ்வொரு தொடரை மாணவர் மனத்தில் பதியவைத்துவிட்டால், பாதிச் சிக்கல் தீரும் எனலாம்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு வேறுபாடும் உண்டு. தமிழில் சூழலால் விளங்கும் உறுப்பைச் சொல்லாமல் விடலாம். 'புத்தகம் எங்கே?' என்னும் வினாவிற்கு 'மேசைமேல் வைத்தேன்' என்பது முழுமையான விடை. இதனை அப்படியே ஆங்கிலமாக்கும் மாணவர் 'ஐ புட் ஆன் த டேபிள்' என எழுதுவார். ஏழாம் வாய்பாட்டில் செயப்படுபொருளின் இடம் வெறுமையாக இருத்தலாகாது. 'ஐ புட் இட் ஆன் த டேபிள்' என 'இட்' வந்தே ஆகவேண்டும். எழுவாயிடத்திற்கும் இதுவே விதி. 'மழை பெய்கிறது' என்பதற்கு ஆங்கிலத்தார் 'இட் இஸ் ரெய்னிங்' என்பர். அவ்விடத்து 'இட்' எதனையும் சுட்டுவதில்லை. எழுவாயிடம் வெறுமையாகலாகாது என்பதற்காகவே அது வருகிறது. வரிசையால் பொருள் உணர்த்தும் மொழியில் ஓரிடம் வெறுமையானால் ஏனைய இடங்களின் பணியும் குழம்பும்.

மும்மொழிச் சூழல்

மலாக்கா மாநிலத்தில் இருபத்தொரு தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அவை பரவியுள்ளன. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் டான் சாய் யானால் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கப்பெற்றது என்பது வரலாறு. அடுத்து அவர் புக்கிட் ஆசஹானில் பெரும் பரப்பில் ரப்பர் பயிரிட்டார். அத்தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்ட பின்னரும், பள்ளிகள் பல தோட்டப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. தோட்டத்துப் பள்ளியாயினும் பட்டணத்துப் பள்ளியாயினும், இங்குள்ள மாணவர் ஆங்கிலத்திற்கு வரும்போது தமிழோடு மலாயையும் சுமந்தே வருகிறார். ஆகவே தமிழகத்து மாணவருக்காக எழுதப்பெற்ற விளக்கங்கள் இவருக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை.

மலாய் மொழி வரிசையில் ஆங்கிலத்தை ஒத்தது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என அமைவது. ஆகவே இரண்டாம் வாய்பாட்டில் நம் மாணவர் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. 'ஐ ரைஸ் ஈட்' என எழுதுவோர் அரியர். மூன்றாம் வாய்பாட்டிலோ நிலைமை வேறு. 'அவர் என் ஆசிரியர்' எனத் தமிழும், 'டியா குரு சாயா' எனப் பேச்சு மலாயும் இணைப்பு வினையின்றியே முடிகின்றன. இரு மொழிகளும் ஒருசேர ஒரே திசையில் இழுப்பதால் 'ஹீ மை டீச்சர்' என்னும் பிழை வேரூன்றி நிற்கிறது. ஒருமுறை சிவப்பு மையால் திருத்துவதனால் நீங்கும் பிழையன்று இது.

மற்றொரு சான்று காண்போம். 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் வினை உண்டு, ஆனால் பசிப்பவர் எழுவாயாக இல்லை. நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். 'சாயா லாபார்' என்னும் மலாய்த் தொடரில் பசிப்பவர் எழுவாயாக உள்ளார், ஆனால் வினை இல்லை. 'ஐ ஆம் ஹங்ரி' என்னும் ஆங்கிலத் தொடருக்கு எழுவாயும் வேண்டும், வினையும் வேண்டும். தமிழிலிருந்து மட்டும் வரும் மாணவருக்கு இரு மாற்றங்கள் தேவை. மலாயை ஒப்பிட்டுக் காட்டினால் எழுவாய் கிடைத்துவிடும். 'ஆம்' ஒன்றைச் சேர்த்தாற் போதும். மலாய் இவ்விடத்தில் இடையூறாகாது படிக்கட்டாகிறது.

உருபு மொழியிலிருந்து வரிசை மொழிக்கு மாறுதல் இயலாத ஒன்றன்று என்பதற்கு மலாக்காவே சான்று. காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டி சமூகத்தார் தமிழ் வணிகர் வழியினர். 1781இல் எழுப்பப்பெற்ற பொய்யாத விநாயகர் ஆலயம் இச்சமூகத்தாருடையது. அவர்தம் இல்லமொழி காலப்போக்கில் மலாயின் ஒரு வடிவமாயிற்று. வினை இறுதியிடத்தை விட்டு நடுவிடத்திற்கு வந்தது. இதற்கு நேர்மாறான நிகழ்வை இலங்கையில் காண்கிறோம். டச்சுக்காரர் காலம் முதல் அங்குச் சென்று குடியேறிய மலாய் மக்களின் மொழி, தமிழ், சிங்களச் சூழலில் வினையை இறுதிக்குத் தள்ளி, பெயருக்குப் பின் வேற்றுமை உருபுகளை ஏற்றுக்கொண்டது. உருபும் வரிசையும் ஒரே பணியைச் செய்யும் இரு வழிகள் என்பதும், ஒன்றினின்று மற்றொன்றிற்கு மக்கள் மாறிச் செல்லக்கூடும் என்பதும் இவற்றால் விளங்கும்.

ஒரு தமிழ் வினை, பல ஆங்கில வாய்பாடுகள்

மாணவர் பிழைகளுள் பெரும்பகுதி, நாள்தோறும் வழங்கும் சில வினைகளைச் சுற்றியே நிகழ்கிறது. 'கேள்' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். 'பாட்டைக் கேட்டேன்', 'ஆசிரியரிடம் கேட்டேன்', 'சத்தம் கேட்டது' ஆகிய மூன்றிலும் வினை ஒன்றே. உருபுகள் பொருளை வேறுபடுத்துகின்றன. ஆங்கிலத்தில் இவை மூன்று தனி வினைகள். 'லிஸன்' என்பது 'டு' என்னும் முன்னிடைச்சொல்லின்றிச் செயப்படுபொருளை ஏலாது. 'ஹியர்' நேரே ஏற்கும். 'ஆஸ்க்' வினவப்படுபவரை நேரே ஏற்கும். 'ஆசிரியரிடம்' என்பதிலுள்ள இடம் உருபை ஆங்கிலத்திலும் தேடும் மாணவர் 'ஐ ஆஸ்க்ட் ஃப்ரம் த டீச்சர்' என எழுதுகிறார். 'பாட்டை' என்பதிலுள்ள ஐ உருபை நம்பி 'ஐ லிஸன் த சாங்' எனவும் எழுதுகிறார். தமிழிலக்கணத்தின்படி அவர் எண்ணியது சரியே. வினையின் வாய்பாடு அவருக்குக் கற்பிக்கப்படவில்லை என்பதே குறை.

'சொல்' என்பதும் அத்தகையதே. 'டெல்' என்னும் வினை கேட்பவரை நேரே ஏற்கும்: 'டெல் மீ'. 'சே' அவ்வாறு ஏலாது: 'சே டு மீ' என்றே வரவேண்டும். இரண்டும் 'எனக்குச் சொல்' என்பதாகவே மாணவர்க்குத் தோன்றுவதால் 'ஹீ செய்ட் மீ' என்னும் பிழை பிறக்கிறது. 'எனக்கு விளக்குங்கள்' என்பது 'எனக்குக் கொடுங்கள்' என்பதை ஒத்திருப்பதால், 'கிவ் மீ' என்பதைப் பின்பற்றி 'எக்ஸ்ப்ளேய்ன் மீ' என எழுதுகின்றனர். 'எக்ஸ்ப்ளேய்ன்' ஐந்தாம் வாய்பாட்டிற்குரிய வினையன்று. 'அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்' என்பதிலுள்ள 'பற்றி', 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபௌட்' ஆக நுழைகிறது. 'அண்ணன் என்று அழைக்கிறோம்' என்பதிலுள்ள 'என்று', 'கால்' என்பதற்குப் பின் 'அஸ்' ஆக நுழைகிறது. முன்னது இரண்டாம் வாய்பாடு. பின்னது ஆறாம் வாய்பாடு. இரண்டிலும் இடைச்சொல்லுக்கு இடமில்லை.

நான்காம் வேற்றுமை உருபே பல வாய்பாடுகளில் பிரிந்து நிற்றலையும் ஆசிரியர்கள் கருத வேண்டும். 'எனக்குக் கொடுத்தார்' என்பதில் அது பெறுபவரின் இடம். 'பள்ளிக்குப் போனான்' என்பதில் 'டு' என்னும் இடைச்சொல். 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்பதில் எழுவாய். ஆங்கிலத்தார் 'ஐ ஹேவ் எ பிரதர்' என்பர். 'வீட்டுக்குப் போனான்' என்பதிலோ எதுவுமே வருவதில்லை. 'ஹீ வெண்ட் ஹோம்' என்பதே வழக்கு. இவற்றை ஒரே பலகையில் நிரல்பட எழுதிக் காட்டினால், உருபைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் ஏன் பயன்படாது என்பது மாணவர்க்குத் தானே விளங்கும்.

இனி, தமிழ் வடிவில் வேறுபடுத்துவதை ஆங்கிலம் வாய்பாட்டால் வேறுபடுத்தும் வினைகளும் உள. 'கண்ணாடி உடைந்தது', 'அவன் கண்ணாடியை உடைத்தான்' என்பனவற்றில் வினையின் வடிவமே மாறுகிறது. மலாயில் 'பெச்சா' என்பது 'மெமெச்சாகன்' என ஒட்டுகளைப் பெறுகிறது. ஆங்கிலத்திலோ 'த கிளாஸ் பிரோக்', 'ஹீ பிரோக் த கிளாஸ்' என வினை மாறாது நிற்க, வாய்பாடு மட்டும் மாறுகிறது. 'ஓபன்', 'டர்ன்', 'ஸ்டாப்' போன்ற வினைகளும் இவ்வினத்தனவே. திரும்பு திருப்பு, நிரம்பு நிரப்பு எனத் தன்வினை பிறவினைகளைக் கற்ற மாணவர்க்கு, 'இங்கு வடிவம் மாறாது, இடமே மாறும்' என ஒரு வரியில் உணர்த்திவிடலாம்.

கணித வகுப்பில் வாய்பாடு

வாய்பாட்டறிவு ஆங்கிலத் தேர்வோடு நின்றுவிடும் ஒன்றன்று. 2003ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாகச் செயற்படுத்தப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கியபோது, தமிழ்ப்பள்ளிகள் அதில் இணைவது குறித்துக் கடும் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்தில் எந்நிலைப்பாட்டைக் கொள்வோராயினும், ஆங்கிலக் கணித வாக்கியத்தை மாணவர் எவ்வாறு படிக்கிறார் என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது.

'சப்ட்ராக்ட் 5 ஃப்ரம் 12' என்னும் கட்டளையைக் காண்க. எண்களை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ளும் மாணவர் ஐந்திலிருந்து பன்னிரண்டைக் கழிக்க முயல்வார். அல்லது திகைத்து நிற்பார். இது ஏழாம் வாய்பாடு: ஐந்து செயப்படுபொருள், பன்னிரண்டு 'ஃப்ரம்' என்பதோடு வரும் வினையடை. '12இலிருந்து 5ஐக் கழி' என்றாலும் '5ஐ 12இலிருந்து கழி' என்றாலும் தமிழில் உருபுகள் மாணவரைக் காத்துவிடும். ஆங்கிலத்தில் அவரைக் காப்பது 'ஃப்ரம்' என்னும் ஒரு சொல்லே. 'டிவைட் 20 பை 4' என்பதும் 'டிவைட் 4 இன்டு 20' என்பதும் ஒரே விடையைத் தருவன. வரிசையையும் இடைச்சொல்லையும் சேர்த்துப் படிக்காதவர் இரண்டாவதில் தவறுவார். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை கணக்குத் தெரியாத பிள்ளையாகக் கணிக்கப்படும் நிலை இங்கே உருவாகிறது. அப்பிள்ளைக்குத் தெரியாதது கணக்கன்று, அவ்வினையின் வாய்பாடே.

வகுப்பறைக்குச் சில வழிகள்

முதலாவதாக, வினையைத் தனிச்சொல்லாகக் கற்பித்தலைக் கைவிட வேண்டும். 'புட்' என்றால் 'வை' என்று பட்டியலிடுவதற்கு மாறாக, 'புட்: யார், எதை, எங்கே' என உறுப்புகளோடு எழுதுவித்தல் வேண்டும். 'கிவ்: யார், யாருக்கு, எதை', 'மேக்: யார் அல்லது எது, யாரை, எப்படி', 'லிஸன்: யார், டு, எதை'. மாணவர் ஒவ்வொருவரும் இவ்வாறு ஒரு வினையேடு வைத்துக்கொள்ளலாம். ஹார்ன்பி தம் அகராதியில் செய்ததும் அடிப்படையில் இதுவே.

இரண்டாவதாக, இப்பணியைத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கலந்து செய்தல் நலம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், குன்றிய வினை, குன்றா வினை, வேற்றுமை உருபு ஆகியன தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் உள்ளவை. தமிழ் வகுப்பில் அவை கற்பிக்கப்படும் வாரத்திலேயே ஆங்கில வகுப்பில் அதற்கிணையான வாய்பாட்டை எடுத்துக்கொண்டால், மாணவர் ஒரே கருத்தை இரு மொழிகளில் காண்பர். இதனால் தமிழிலக்கணமும் தேர்வுக்குரிய மனனப்பாடம் என்னும் நிலையிலிருந்து உயரும். பிறிதொரு மொழியைத் திறக்கும் திறவுகோலாக அதனை மாணவர் உணர்வர்.

மூன்றாவதாக, கேள், சொல், பார், வை, எடு, கொடு, போ, இரு போன்ற அன்றாட வினைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் எத்தனை வினைகளாகப் பிரிகிறது என்பதைக் காட்டுதல் வேண்டும். 'படத்தைப் பார்', 'தொலைக்காட்சி பார்', 'மருத்துவரைப் பார்' என்னும் மூன்றிற்கும் முறையே 'லுக் அட்', 'வாட்ச்', 'சீ' என வேறு வேறு வினைகள் வருதலைத் தமிழ் வாக்கியத்திலிருந்தே தொடங்கி விளக்கலாம்.

நான்காவதாக, துணைத்தொடர்களுக்குத் தனிக்கவனம் வேண்டும். தமிழ் 'வந்து, பார்த்து, போனான்' என எச்சங்களை அடுக்கி ஒரே முற்றுவினையால் முடிக்கும். ஆங்கிலம் 'கேம்', 'சா', 'வெண்ட்' என மூன்றையும் முற்றாக்கி 'அண்ட்' கொண்டு இணைப்பதே இயல்பு. வாக்கியம் நீளும்போது தேறிய மாணவரும் தடுமாறுவது இதனால்தான். நீண்ட தமிழ் வாக்கியத்தில் எத்தனை எச்சங்கள் உள்ளன என எண்ணச் செய்து, ஒவ்வொன்றையும் ஏழு வாய்பாடுகளுள் ஒன்றாக எழுதச் செய்தல் நல்ல பயிற்சியாகும்.

இவ்வொப்பீட்டிற்கு எல்லையும் உண்டு. ஐ உருபு வந்தால் செயப்படுபொருள், கு உருபு வந்தால் பெறுபவர் என இயந்திரம்போல் பொருத்துவது மாணவரைத் தவறான வழியில் செலுத்தும். 'புத்தகம் படித்தான்' என உருபு தொக்கும் வரும். உருபு ஒன்றே பல பணிகளைச் செய்தலையும் மேலே கண்டோம். எனவே உருபைக் கொண்டு வினாவை எழுப்பவேண்டும்; விடையை ஆங்கில வினையின் வாய்பாட்டிலேயே தேடவேண்டும். 'இங்கே யாருக்கு என்பது உள்ளது. இவ்வினை அதனை எந்த இடத்தில் ஏற்கும்?' எனக் கேட்கப் பழகிய மாணவர் பிறர் திருத்துமுன் தாமே திருத்திக்கொள்வர்.

முடிவுரை

1983இல் அறிமுகமான புதிய பாடத்திட்டம் முதல், 2017இல் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தை ஒட்டி மாற்றியமைக்கப்பெற்ற ஆங்கிலப் பாடத்திட்டம் வரை, கருத்துப் பரிமாற்றத்திற்கே முதன்மை தரப்பட்டு வந்துள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் வீட்டில் ஆங்கிலம் வழங்காத தோட்டத்துப் பிள்ளைக்கும், பட்டணத்துத் தாழ்வருமானக் குடும்பப் பிள்ளைக்கும், வாய்பாடுகளைக் கேட்டுப் பழகித் தானே உணரும் வாய்ப்புக் குறைவு. ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளை காதால் பெறுவதை இவர்கள் பள்ளியில் கண்ணால் பெற்றாக வேண்டும். இலக்கணத்தை வெளிப்படையாகக் கற்பிப்பது இவர்கள் வகையில் பழமைப் போக்கு அன்று. பிறர்க்கு வீட்டிலேயே கிடைப்பதை இவர்க்குப் பள்ளியில் வழங்குவதேயாகும்.

அதற்குரிய கருவி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. தொழிலுக்கு எட்டு முதனிலைகள் உண்டெனக் கற்பிக்கும் இலக்கண மரபு நம் வகுப்பறைகளிலேயே உள்ளது. யார், எதை, யாருக்கு, எங்கே, எதனால் என்னும் அவ்வினாக்களைத் தமிழ் வகுப்பில் கேட்கக் கற்ற மாணவர் அவற்றையே ஆங்கில வகுப்பிலும் கேட்கட்டும். வினா ஒன்றே. விடை தமிழில் உருபில் கிடைக்கும். ஆங்கிலத்தில் இடத்தில் கிடைக்கும்.